ஜெட்டிக்குத் தமிழ் என்ன? (படகுத்துறை அல்ல)

நண்பர்களுக்கு வணக்கம். கட்டடக்கலைப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வியாழனுக்குள் தரவேண்டும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் உள்ள பழைய பாதிரியார் வீடு. 14ஆம் நூற்றாண்டு, ஓக் மரச்சட்டம், வேய்ந்த கூரை. பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே அதுதான். இந்த வகை வீட்டில் நடுக்கூடம் கூரைவரை திறந்திருக்கும். இரு கோடியிலும் மாடி அறைகள். அவற்றின் தளம் கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஜெட்டி. அகராதி 'படகுத்துறை' என்கிறது. ஒலிபெயர்த்தாலோ வகுப்பே சிரிக்கும்.

> ஒலிபெயர்த்தாலோ வகுப்பே சிரிக்கும்

:-) கோயில் கட்டடத்தில் 'கொடுங்கை' இருக்கிறதே?

கொடுங்கை கூரை விளிம்பு ஐயா, அதில் பாய் விரிக்க முடியாது. இங்கே ஆள் புழங்கும் தரையே வெளியே வருகிறது. தளக்கட்டைகளின் நுனி சுவருக்கு வெளியே நீளும். மேல்சுவர் அந்த நுனியில் உட்காரும். 'நீட்டுமாடி' போதும்.

'நீட்டுமாடி' கொத்தனார் பேச்சு. 'இறைமாடம்' என்க. இறை என்றால் வீட்டிறப்பு, அதாவது சுவரைத் தாண்டித் தாழும் கூரை விளிம்பு. புறநானூற்றுக் 'குறியிறைக் குரம்பை' (குறுகிய இறப்புள்ள குடிசை) நினைவிருக்கிறதா? இறவாணமும் இறப்பும் அதன் உறவுகளே. 'இறங்கு' என்பதையும் இதோடு சேர்ப்பேன். விரிவாகத் தனி மடலில்.

பாதிரியார் வீட்டில் 'இறைமாடம்' என்று எழுதினால் பிள்ளைகள் ஜெப அறை என்பார்கள். அதோடு, இரு கோடியும் முன்னால் வர, கூடத்துச் சுவர் மட்டும் உள்ளடங்கி நிற்கிறது. கூரை ஒன்றுதான், ஆகவே நடுவில் அதன் விளிம்பு வெறுமனே தொங்கும், வளைந்த முட்டுக்கட்டைகள் தாங்கும். உங்கள் 'இறை'யை அங்கே வையுங்கள், அழகாகப் பொருந்தும்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்க. அந்த வீட்டுத் தரை சீமைச்சுண்ணாம்பை இடித்துப் புளித்த பால் விட்டு இறுக்கியது. 'மோர்த்தரை' எனலாமா?

அம்மா, பால் வேறு மோர் வேறு. இழை திசைமாறுகிறது.

'மாடி'யே தமிழா என்று முதலில் பார்க்கவேண்டாமா?

சாமி, வியாழன் வந்துவிட்டது. நான்கு பேர் சொன்ன 'நீட்டுமாடி'யையே போட்டு அனுப்பிவிட்டேன். நடுக்கூரை விளிம்புக்கு 'இறவாணம்'. அனைவருக்கும் நன்றி.

அனுப்பியது அனுப்பியதாகட்டும். என் வாக்கு இறைமாடத்துக்கே. தனி மடல் நாளை வரும்.