தாத்தாவின் தோட்டா உறை: எந்த ஆயுதத்தில் சுட்டது?

இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பர்மா சென்று திரும்பிய என் தாத்தாவின் தகரப்பெட்டியில், சுட்டு முடித்த ஒரு பித்தளைத் தோட்டா உறை இருந்தது. குடும்ப வரலாறு எழுதி வரும் எனக்கு, அது எந்த ஆயுதத்தில் சுடப்பட்டது என்பது மட்டும் பிடிபடவில்லை.

வெர்னியர் காலிப்பரால் அளந்ததில் நீளம் 56 மி.மீ., அடி விளிம்பின் விட்டம் 13.6 மி.மீ. அடியில் கே, எஃப் எழுத்துகளும் ரோமன் ஏழும் உள்ளன. ஆண்டில் 4 மட்டும் தெரிகிறது, அடுத்த இலக்கம் தேய்ந்துவிட்டது. எனவே இது புனே அருகிலுள்ள கிர்கீ ஆலையில் செய்த, பிரிட்டிஷ் படையின் .303 அங்குலத் தோட்டா, 1910இல் வந்த ஏழாம் மார்க் (Mark VII) வகை என்று முடிவு செய்தேன். ஜப்பானியரின் டைப் 99 துப்பாக்கித் தோட்டாவுக்கு இப்படித் துருத்திய விளிம்பு கிடையாது என்பதால் அதை முதலிலேயே விலக்கிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், லீ என்ஃபீல்டு ரைஃபிள், பிரென், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள் மூன்றுமே .303 தோட்டாவைத்தான் சுட்டன. லீ என்ஃபீல்டில் தோட்டா பொருந்தும் அறை சற்றுத் தாராளமானது, அதில் சுட்ட உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) முன்னே தள்ளப்பட்டிருக்கும் என்று படித்தேன். ஆனால் ஒப்பிட என்னிடம் சுடாத உறை இல்லை. பித்தளையைப் பாலிஷ் செய்யவில்லை, தடயம் அழிந்துவிடும் என்ற பயம்தான்.

கேப்பில் (உறையின் அடி நடுவிலுள்ள பற்றவைக்கும் மூடி) துப்பாக்கி ஊசி பதித்த குழியையும் விளிம்பிலுள்ள கீறல்களையும் மட்டும் வைத்து, இந்த மூன்றில் எது சுட்டது என்று பிரித்தறிய முடியுமா?