வேதாரண்யம் உப்பு யாத்திரை: உங்க வீட்டுப் பெரியவங்க சொன்னது, நீங்க நேர்ல பார்த்தது

நீடாமங்கலத்தான்

1930-ல உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோட நடந்தப்ப, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ராஜாஜியோட நடந்து வர்ற தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, திண்ணையில படுக்க இடம் கொடுத்தாலோ ஆறு மாசம் ஜெயில். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எங்க அப்பாயி பொறந்த ஊரு வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம் போற வழியில. 1930-ல அவங்களுக்கு எட்டு வயசு இருக்கும். புளிச்சோத்தை வாழையிலையில மடிச்சு, நாரால கட்டி, ரோட்டோரப் புளியமரத்துல கை எட்டுற கிளையாப் பாத்துத் தொங்கவிட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும்னு அனுப்பி வெச்சாங்களாம். "ரெட்டை முடிச்சு போடாத, நடந்துக்கிட்டே அவுக்கணும்ல"ன்னு அவங்க அம்மா சொன்னது வரைக்கும் ஞாபகம் வெச்சிருந்தாங்க.

நான் காலேஜ் படிக்கிறப்ப ஒருநாள், அந்தச் சோறு யார் வீட்டு அடுப்புல ஆக்கினதுன்னு கேட்டேன். சொல்ல வந்தவங்க சட்டுனு நிறுத்திட்டாங்க. "பேரு சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு." வெள்ளைக்காரன் போயி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த அப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு. கடைசி வரைக்கும் பேரு வரவே இல்ல. யாரா இருக்கும்னு இன்னமும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

வேதாரண்யம் வடக்கு வீதி

சவரத் தொழிலாளி வைரப்பன் கதை இங்க யாருக்கும் புதுசில்ல. சவரம் பண்ணிக்கிட்டு இருக்கறப்ப, உக்காந்திருக்கறவன் போலீஸ்காரன்னு தெரிஞ்சதும் கத்தியைக் கீழ வெச்சவரு. கோர்ட்ல நிறுத்தி, மீதியை முடிடான்னு சொன்னப்பவும் முடியாதுன்னுட்டாரு. ஆறு மாசம் உள்ள போட்டாங்க. எங்க ஊர்ல அவருக்கு நினைவுத்தூண் இருக்கு.

நான் சொல்ல வந்தது வேற. எங்க பக்கம் ஒரு பழைய சலூன்ல முடிவெட்டக் காத்துக்கிட்டு இருந்தேன். வெளியூர்க்காரர் ஒருத்தர் பாதி சவரத்துல, "அந்த வைரப்பன் உங்காளுதானே, பெரிய தைரியந்தான்"னாரு. கடைக்காரப் பெரியவர் கத்தியைத் துடைச்சு மடக்கினாரு. "தைரியம்னு சொல்லிட்டுப் போயிடறீங்க. எங்களுக்கு அன்னிக்கு வந்த கூலிதான் அன்னிக்கு ராத்திரிச் சோறு. அடுத்த நாள் அவரு கடைக்கு யாரு வந்திருப்பா? அந்த ஆறு மாசம் வீட்டுல யாரு ஆக்கிப் போட்டா? அதை யாராச்சும் கேட்டீங்களா?" அப்புறம் கத்தியை விரிச்சு, மீதிச் சவரத்தை முடிச்சாரு. நான் ஒண்ணும் பேசல. அவர் கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியல.

குடந்தை கணக்குப்பிள்ளை பேரன்

முதல் பதிவில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. மரத்தில் சோறு கட்டிய கதையை அந்தப் பாதையில் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதையே சத்தியாகிரகத்தின் உச்சமாகப் பேசுவது சரியல்ல. சத்தியாகிரகத்தில் ஒளிவுமறைவு கூடாது. தண்டிக்குப் புறப்படும் முன் வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் காந்தி. எங்கள் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஊரறியத் தொண்டர்களுக்கு விருந்து வைத்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். சட்டத்தை மீறுவது, மீறினேன் என்று சொல்வது, தண்டனையை ஏற்பது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அரசுக்கு நெருக்கடி. மறைத்துப் போட்ட சோறு கருணை. போராட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு கறாராகப் பேச எனக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா ஒரு கிராமத்தில் கணக்குப்பிள்ளை. தார்னின் உத்தரவை ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டியவர் அவர்தான். சிறுவனாக இருந்தபோது, "சத்தமா படிச்சீங்களா, மெதுவா படிச்சீங்களா தாத்தா?" என்று கேட்டேன். மெதுவாக என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "படிச்சேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நீடாமங்கலத்தான்

சார், பந்துலு ஐயர் மேல எனக்கும் மரியாதை உண்டு. சட்டசபையில இருந்தவரு. அவரைப் பிடிச்சா பேப்பர்ல வரும். எங்க அப்பாயி வீட்டுல குத்தகை நிலம், நாலு புள்ளைங்க. உறுதிமொழி எடுத்துக்கிட்டு நடந்தவங்க சுமாரா நூறு தொண்டருங்க. ஊர்க்காரங்க எதுலயும் கையெழுத்துப் போடல. திருச்சியில இருந்து 240 கிலோமீட்டர். ஏப்ரல் 13 கிளம்பி 28 வரைக்கும் அந்த வெயில்ல நடந்தாங்களே, வயித்துக்கு என்ன பண்ணியிருப்பாங்க? சோறு கிடைக்கலைன்னா பாதியில கலைஞ்சு போவாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் அந்த உத்தரவு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கினது மரத்துல தொங்கின பொட்டலம்.

வளவனாறு

ரெண்டு பேருமே யாரு ஆக்கினதுன்னு பேசவே இல்லையே. "அனுப்பி வெச்சாங்க"ன்னா யாரு? உத்தரவுக்கு முந்தின நாளும் அதே அடுப்புல பொம்பளைங்கதான் ஆக்கினாங்க, மறுநாளும் ஆக்கினாங்க. ருக்மணி லட்சுமிபதி வேதாரண்யத்துல கைதாகி ஜெயிலுக்குப் போனதையாவது யாராச்சும் எழுதுவீங்கன்னு பாத்தேன்.

என்னோடது சின்னதுதான். ராஜாஜி உப்பு அள்ளின நினைவா ஏப்ரல் 30-ஆம் தேதி வேதாரண்யம் பக்கத்துல அகஸ்தியம்பள்ளியில வருஷா வருஷம் உப்பு அள்ளுவாங்க. ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். காலையில தேங்கா திருவினப்ப விரல்ல கீறியிருந்தது, அந்த நினைப்பே இல்லாம அள்ளிட்டேன். உசுரு போற எரிச்சல், கையை உதறிட்டேன். பக்கத்துல நின்ன எட்டாங்கிளாஸ் பொண்ணு கேட்டா: "மிஸ், போலீஸ் தடியால மூடின கை மேலயே அடிச்சாங்கன்னு சொன்னீங்களே, தோலு கிழிஞ்சப்புறமும் அவங்க உப்பை விடலையா?" வகுப்புல எத்தனையோ தடவை சொன்ன பாடம். என் கை அன்னிக்குத்தான் அதைக் கேட்டுச்சு.

ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சை

என் மாமனார் வேதாரண்யத்தில் பிடிபட்டுச் சிறை போனவர். ஜெயில் களியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார். அவ்வளவுதான் என் கதை.

நீடாமங்கலம் தம்பிக்குச் சொல்கிறேன். வீட்டில் தொண்ணூறு வயதுக்காரர்கள் இருந்தால் உடனே உட்கார்ந்து பேசுங்கள். "தியாகம்", "போராட்டம்" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் வரும். அடுப்பு, பாத்திரம், கிணறு, சம்பளம் என்று கேளுங்கள். போனை மேசையில் வைத்துவிட்டுப் பேசவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள். அடுத்து, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். 1930-ஆம் வருட அரசாணைகள் அங்கே இருக்கின்றன. ரகசியக் கோப்புகள் 'அண்டர் செக்ரட்டரி சேஃப் ஃபைல்ஸ்' என்ற தலைப்பில் தனியாக இருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவைக் காட்டித்தான் சோறு போட்டவர்களை மிரட்டினார்கள். அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். தியாகி பென்ஷன் பட்டியலில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். 1972-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் பொதுவாக ஆறு மாதச் சிறை என்று கணக்கு. 1980-இலிருந்து பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். பொட்டலம் கட்டியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கிராமக் கோயில் கணக்கு நோட்டு, பழைய கடன் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எதையும் விடாதீர்கள். ஒரே வருடத்தில் ஒரு வீட்டில் மாடும் நிலமும் சேர்ந்தாற்போல் விலை போயிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

குடந்தை கணக்குப்பிள்ளை பேரன்

நூலகர் ஐயா, நான் கேட்டது ஆவணம் அல்ல. வளவனாறு அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒளிவுமறைவு பற்றி நான் சொன்னது அப்படியேதான் நிற்கிறது.

அகஸ்தியம்பள்ளி

நான் உப்பளத்துக்காரன் மகன். எல்லாரும் ராஜாஜியைப் பேசறீங்க. சர்தார் வேதரத்தினம் பிள்ளையை இன்னும் யாருமே சொல்லல. தொண்டருங்க இங்க வந்து இறங்கினதுக்கு அவருதான் எல்லா ஏற்பாடும். அதுக்காக ஜெயிலு, சொத்தும் பறிமுதல். ராஜாஜியைப் பிடிச்சதோட நிக்கல, அப்புறமும் தொண்டருங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. காமராஜரும் அப்படி வந்தவருதான். இவ்வளவு பண்ணியும் உப்பு வரி 1947 வரைக்கும் போகல. அதையும் சேத்துச் சொல்லுங்க.

எங்கப்பா பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருந்தப்ப ஒரு வயசானவர் வந்தாரு, கதர்ச் சட்டை. வரப்புல செருப்பைக் கழட்டிட்டு, "ஒரு கை எடுத்துக்கலாமா?"ன்னு அப்பாகிட்ட கேட்டாரு. வர்றவங்க யாரும் கேட்க மாட்டாங்க; அள்ளுவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க. அப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு புரியல. "அது முதலாளி உப்புங்கய்யா"ன்னாரு. அவரு கொஞ்ச நேரம் நின்னாரு, எடுக்காமலே போயிட்டாரு. "எடுத்துக்கங்கன்னு சொல்லியிருக்கலாம்"னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

நீடாமங்கலம் அண்ணே, இங்க விசாரிக்க வர்றதா இருந்தா ஏப்ரல் 30 வேணாம். அன்னிக்கு மைக்கு, கூட்டம், யாரும் உக்காந்து பேச மாட்டாங்க. மே மாசம் சாயங்காலமா வாங்க, வேலை முடிஞ்சு கரையேறுற நேரம். பெருசுங்க ரெண்டு பேரு இருக்காங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.