தலைக்கு மேல் ஏவுகணை பறந்த ராத்திரிகள்: வளைகுடாவில் இருந்தவர்கள் சொல்வது

தோகாவிலிருந்து:
2025 ஜூன் 23, திங்கட்கிழமை. வேலை முடிந்து ரூமுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. மொட்டை மாடிக்கு ஓடினேன். வானத்தில் ஆரஞ்சுப் பொட்டுகள் விறுவிறுவென்று ஏறி, ஒவ்வொன்றாக வெடித்து அணைகின்றன. அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தை நோக்கி ஈரான் விட்ட ஏவுகணைகளை, கத்தார்காரர்களும் அமெரிக்கர்களும் பேட்ரியாட் என்ற தடுப்பு ஏவுகணை வைத்து மறித்துக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறார். பக்கத்து ரூம் ஆளோ "செம லைட்டிங்டா" என்று வீடியோ எடுக்கிறான். நானும் எடுத்தேன். 1991 வளைகுடாப் போரின்போது சவூதியில் இருந்த அண்ணன்கள் யாராவது இருந்தால், அப்போது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

தம்மாமில் இருந்தவன்:
தம்பி, சைரனோ சத்தமோ கேட்டால் கீழே இறங்கு, மாடிக்கு ஏறாதே. ஈராக்கின் சதாம் உசேன் ஸ்கட் ஏவுகணை விட்ட நாளில் எங்களுக்கு விஷவாயு பயம்தான் பெரிது. ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் ஒட்டி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். பேட்ரியாட் சீறிக் கிளம்பினால் கேம்ப்பில் கைதட்டல்.

பிப்ரவரி 25 ராத்திரி அந்தச் சீறலே கேட்கவில்லை, இடி மட்டும் விழுந்தது. ஸ்கட் விழுந்தது அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கிடங்கின் மேல், 28 பேர் செத்துப்போனார்கள். காரணம் பிற்பாடுதான் வெளியே வந்தது. பேட்ரியாட்டின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் துளியூண்டு பிசகு. 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடியதில் அது விநாடியில் மூன்றில் ஒரு பங்காகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட் ஒரு விநாடியில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதனால் ரேடார் அரை கிலோமீட்டர் தள்ளித் தேடி, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது. தொடர்ந்து ஓட்டினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேல்காரர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். ஊரில் கேபிள் பாக்ஸுக்குச் செய்வதுபோல ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தாலே போதும்! திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. அந்த 'மறுநாள்' எனக்கு இன்னும் ஆறவில்லை.

அபுதாபியிலிருந்து:
அண்ணன் சொல்வது மறிக்காமல் விட்ட கதை. மறித்தாலும் இரும்பு கீழேதானே விழும்? 2022 ஜனவரி 24 விடிகாலை, ஏமன் கிளர்ச்சியாளர்களான ஹூதிகள் விட்ட இரண்டு ஏவுகணைகளை வானத்திலேயே உடைத்தார்கள். துண்டுகள் நகரைச் சுற்றி அங்கங்கே விழுந்தன. அதற்கு முந்தைய வாரம்தான் ஹூதிகளின் தாக்குதலில் இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் எண்ணெய் டேங்கர்கள் வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள், இரண்டு பேர் நம் நாட்டுக்காரர்கள். அன்று காலை சைட்டில் சேஃப்டி ஆள் யாரையும் சாரத்தில் ஏற விடவில்லை. கீழே எது கிடந்தாலும் கை வைக்காதே என்று இந்தியிலும் மலையாளத்திலும் கத்திக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று. மறித்த காட்சியை வீடியோவாகப் பரப்பியவர்களை இங்கே அரசு வழக்குத்துறை கூப்பிட்டு விசாரித்தது. கத்தாரில் சட்டம் எப்படியோ, தம்பி, அந்த லைட்டிங் வீடியோவை குரூப்பில் போட்டுவிடாதே.