தெருவில் தங்கும் இளைஞர்கள்: கொடுத்த போர்வை மறுநாள் அங்கேயே கிடக்கிறது, ஏன்?

கேள்வி:
இரவுச் சுற்றுக்குப் போகும் சிறு குழு எங்களுடையது. சந்திப்பவர்கள் பெரும்பாலும் 18 முதல் 24 வயதுக்காரர்கள். போர்வை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், காலையில் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு தோள்பைக்குள் அடங்கும்படி வேறென்ன கொடுக்கலாம்?

பதில் 1:
பகல் முழுக்க யார் அதைச் சுமப்பது? போர்வை மூட்டையோடு போனால் வேலை கேட்கும் இடத்திலும் நூலகத்திலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதுதான் அந்த வயதில் பாதுகாப்பு. பருத்திப் போர்வை நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது.

இன்னொன்று, எல்லாரும் மேலே போர்த்துவதையே யோசிக்கிறோம். தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அடியில் விரித்த துணி எடையில் அமுங்கிவிடுவதால் அதற்குள் காற்று நிற்காது. காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பாயைத் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை வரும் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். மடித்துப் பையின் முதுகுப் பக்கம் செருகிவிடலாம். காலுக்கு அடியில் பையே போதும். அட்டைப்பெட்டியும் நல்லதுதான், நனையாதவரை.

பதில் 2:
காலுறை 3 ஜோடி வையுங்கள்: காலில் ஒன்று, காய்வதற்கு ஒன்று, தூங்கும்போது மட்டும் போட ஒன்று. ஷூ திருட்டுப் போகும் என்ற பயத்தில் ஈரக் காலுறையோடேயே பலர் தூங்குகிறார்கள். பாதம் கெட உறைபனி தேவையில்லை. 15 டிகிரியிலும், விடாமல் ஈரமாக இருந்தால் ஒரே நாளில் ஆரம்பிக்கும்: மரத்துப்போகும், வெளுக்கும், பிறகு சிவந்து வீங்கும். தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது; மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. கழுவி, ஒற்றித் துடைத்து, உலரவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஷூவைப் பைக்குள் போட்டுத் தலைக்கு வைத்துப் படுக்கச் சொல்லலாம்.

பதில் 3:
பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் மின்னழுத்தம் மாறும்போது போகும் இழப்பால் கைக்குக் கிடைப்பது சுமார் 6,000தான். 4,000 எம்ஏஎச் போனுக்கு ஒன்றரை முறை வரும். சிக்னல் இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் வைத்தால் இன்னும் தாங்கும்.

போன் தொலைந்தால் ஓடிபியும் போச்சு, மின்னஞ்சலும் திறக்காது. போன் இல்லாமலே கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் எழுதி, ஜிப் உறையில் போட்டு, பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும்.

கேட்டவர்:
நன்றி. காலையில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தால் சிலருக்கு நாக்குக் குழறுகிறது. போதை என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள்.

பதில் 1:
அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமம். இரவில் படுத்தால் அடியோ திருட்டோ நடக்கும் என்று விடியும்வரை நடப்பவர்கள் உண்டு. விண்ணப்ப வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் ஓரிரு மணி நேரம் படுக்க இடம் கொடுங்கள். பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும், இல்லாவிட்டால் கண் மூட மாட்டார்கள்.