பெரிய வீட்டுச் சொந்தங்கள்

சித்தப்பா: தெற்கு வயல் 9 மாவையும் (3 ஏக்கர்) குத்தகைக்காரர் விட்டுவிட்டார். வயசாகிவிட்டது, இனி முடியாதாம். மனை போட ஒருவர் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லணும். எல்லாரும் சொல்லுங்கள்.

மன்னார்குடி அத்தை: 👍

மன்னார்குடி அத்தை: ஐயோ, கை பட்டுவிட்டது. விற்கச் சம்மதம் என்று எடுத்துக்காதே தம்பி.

கதிர்: விற்க வேண்டாம் சித்தப்பா. 3 மா மட்டும் என்னிடம் விடுங்கள். பாரம்பரிய நெல், மாப்பிள்ளைச் சம்பா போட்டுப் பார்க்கிறேன். போன மாசம் கடவூரில் நம்மாழ்வார் தொடங்கிய வானகத்தில் இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்தேன்.

செல்வி: முதலில் நீ மாப்பிள்ளை ஆகு 😂

ராஜா மாமா: மாடியில் வைத்த தக்காளி என்ன ஆச்சு கதிர்?

கதிர்: குரங்கு.

பெரியப்பா: கதிர், ஆசை நல்லதுதான். ஆனால் எடுத்ததும் நெல் வேண்டாம். 3 மா என்றால் 1 ஏக்கர். கோடை மழை பெய்ததும் பசுந்தாள் உரத்துக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழு. வேர் முடிச்சு தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். அப்புறம்தான் சம்பா. மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் பயிர். ஆவணியில் விதைத்தால் அறுப்பு பொங்கலுக்கு அப்புறம்தான். ஆள் உயரம் வளரும், யூரியா காட்டினால் சாய்ந்துவிடும். இன்னொன்று, நம் வயல் கீழ்மடை. மேல் வயல்காரர் உரம் போட்டால் தண்ணீரோடு நம்மிடம்தான் இறங்கும். வரப்பை ஒரு முழம் உயர்த்தணும். விதைக்குத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போ. பழைய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் இருந்த காலத்திலிருந்தே 2 கிலோ கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்குவார்கள். காசு கிடையாது. வாக்கு முக்கியம்.

சித்தப்பா: அண்ணே, மனைக்காரருக்கு என்ன பதில்?

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

செல்வி: 🙏

சித்தப்பா: 20 வருஷம் நான் அந்த வயலில் நின்றேன். அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நெல் போட்ட காசு எங்கே என்று மட்டும் கேட்டீர்கள். இப்போது ஆளாளுக்குப் பாசம்.

ராஜா மாமா: ஆரம்பிச்சாச்சு.

கதிர்: நான் எட்டிப் பார்த்தேன் சித்தப்பா. ஏழாவது படிக்கும்போது தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தேன். வரப்பில் கால் வைக்கும் முன்பே "சேறு படாமல் வீட்டுக்குப் போடா, போய்ப் படி" என்று விரட்டினீர்கள். மண்வெட்டியைக்கூடத் தொட விடவில்லை.

சித்தப்பா: அது உன் நல்லதுக்கு.

சென்னை அண்ணி: கதிர், வேலையை விடப் போகிறாயா?? அம்மாவுக்குத் தெரியுமா?

கதிர்: விடவில்லை அண்ணி. வெள்ளி ராத்திரி ரயில், ஞாயிறு திரும்பல்.

சித்தப்பா: வாரத்தில் 5 நாள் யார் தண்ணீர் பார்ப்பது? வயலுக்கு லீவு தெரியாது.

கதிர்: பழைய குத்தகைத் தாத்தாவையே கேட்டேன். மேலே நின்று சொல்லித் தருகிறேன் என்றார், சம்பளம் பேசணும்.

மன்னார்குடி அத்தை: அவர் நல்ல மனுஷர். அது இருக்கட்டும், காதுகுத்துக்கு எடுத்துப் போன என் பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

ராஜா மாமா: இங்கே இல்லை.

சென்னை அண்ணி: இங்கேயும் இல்லை.

மன்னார்குடி அத்தை: அப்படியானால் காலில் நடந்து போனதா?

பெரியப்பா: என் கருத்து, 3 மா கதிருக்கு ஒரு போகம். மீதி 6 மா பற்றி நேரில் பேசலாம்.

சித்தப்பா: மீதியை மட்டும் மனைக்காரர் எடுக்க மாட்டார். சாலையை ஒட்டியது அந்த 3 மாதான்.

கதிர்: அப்போ எனக்கு உள்பக்கம் கொடுங்கள்.

சித்தப்பா: உள்பக்கம் மோட்டார் இல்லை.

கதிர்: மோட்டார் ஏன் இல்லை என்று கேட்கலாமா?

ராஜா மாமா: கேட்காதே தம்பி.

சித்தப்பா: மனைக்காரரிடம் அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன். கதிர், சனிக்கிழமை வா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கு. பார்ப்போம்.

மன்னார்குடி அத்தை: ஞாயிறு சாப்பாட்டுக்கு எத்தனை பேர்? அண்டா இல்லாமல் எதில் வடிக்க?