அலையாத்திக் காட்டுக்கு எந்த நேரத்தில் போவது?

வணக்கம். கடலோர நகரம் எதற்குப் போனாலும் அங்குள்ள பூங்காக்களையும் கழிமுகங்களையும் தேடிப் போவது எங்கள் வழக்கம். பூங்காவில் குழப்பமில்லை, வெயில் தாழப் போனால் சரி. கடல்நீர் ஏறி வற்றும் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குத்தான் நேரம் குறிக்கத் தெரியவில்லை.

பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி. அதனால் நீர் வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றினால்தான் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களும் நண்டுகளும் கண்ணில் படும். ஆனால் முழுக்க வற்றிய நேரத்தில் உள்ளான் என்ற கரைப்பறவைகள் எட்டாத தூரத்துச் சேற்றில் மேய்கின்றன. நீர் ஏறத் தொடங்கும்போது அவை கரைப்பக்கம் ஒதுங்கும் என்பதால் அந்த நேரமே நல்லது என்று நினைக்கிறேன். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், சரிதானா?

இன்னொன்று. ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணைகள் பெரும்பாலும் துறைமுகத்தை வைத்துத்தான் போடப்படுகின்றன. கழிமுகத்தின் உட்பகுதியில் ஏற்றம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்று எப்படிக் கணிக்கிறீர்கள்? படகோட்டிகளிடம் கேட்பதுதான் ஒரே வழியா?

அப்புறம், முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். ஈரமான மரநடைபாதை வழுக்குமே, எந்த மாதிரிச் செருப்பு சரிப்படும்? கொசுவைப் பற்றி எச்சரிக்க வேண்டாம், அது தெரிந்த கதை. கைப்பிடியும் இடையிடையே உட்கார இடமும் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?