குதிரை லாயத்தில் அட்டைப் படுக்கை ரெண்டே நாளில் கூழாகுது, உதவி வேணும்

பேரிகை_சவாரி:
வணக்கம். அவசரம். மரத்தூள் போட்டா குதிரை இருமுதுன்னு அட்டை வெட்டிப் போட்டோம். ரெண்டே நாள்ல கூழ் மாதிரி ஆயிடுது, கண்ணு எரியற அளவு நெடி, குளம்புல அப்பிக்குது. இருமலும் நிக்கல. அட்டையோட என்ன கலந்தா சரியாகும்? சாயங்காலத்துக்குள்ள படுக்கை மாத்தணும்.

கெலமங்கலம்77:
எத்தனை அடிக்கு எத்தனை அடி லாயம்? தரை மண்ணா, சிமெண்டா, ரப்பர் பாயா? எவ்வளவு கிலோ போட்டீங்க? இது தெரியாம என்ன சொன்னாலும் குத்துமதிப்புதாங்க.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
சுண்ணாம்புத்தூள் தூவி விடுங்க. நெடி போயிடும், ஈரமும் இழுத்துக்கும். மாட்டுக்கொட்டகையில எல்லாரும் பண்றதுதான்.

குளம்பு_லாடம்:
சுண்ணாம்பு வேண்டாங்க. மூத்திரத்துல இருக்கிற யூரியாவை லத்தியில இருக்கிற நுண்ணுயிர்கள் அமோனியாவா உடைக்குது. ஈரம் காரமாக ஆக, அந்த அமோனியா கரைஞ்சு கிடக்காம வாயுவா மேல கிளம்பும். சுண்ணாம்பு காரத்தைத்தான் ஏத்துது. அள்ளிக் கழுவின வெறும் தரையில பூசிக் காயவிட்டா அது வேற. ஈரப் படுக்கை மேல தூவினா இருமுற குதிரைக்கு நெடி கூடும். சுட்ட சுண்ணாம்பா இருந்தா தோலும் குளம்பும் வெந்துபோகும்.

ஏதாவது தூவியே ஆகணும்னா கடலைக்குப் போடற ஜிப்சம் வாங்குங்க. ஈரத்தை அள்ளின இடத்துல ரெண்டு கைப்பிடி, அது மேல புது அட்டை. குதிரையை வெளிய கட்டிட்டுப் பண்ணணும், அதுவும் தூசிதான்.

இன்னொண்ணு கேக்கணும். எந்த அட்டை? பளபளன்னு மேல பூச்சு இருக்கிறதா, வெறும் பழுப்பா?

பழைய_லாயம்:
அட்டையெல்லாம் குளிர் தேசத்துக்காரன் வேலை தம்பி. லாயம் வைக்கறதுக்கு முன்னாடி நாலு பேரைக் கேட்டிருக்கணும். ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணை 1824-ல ராணுவக் குதிரைக்காகத் தொடங்கினது. இந்தச் சீமைக்குக் குதிரை புதுசில்ல. நல்ல ராகித்தாள், அதான் ராகி அறுத்த வைக்கோல், முழங்கால் அளவு போட்டு, காலையில உதறி வெயில்ல காயவெச்சு, திரும்பப் போட்டா முடிஞ்சுது. அடிப்படை தெரியாம படுக்கை மாத்திக்கிட்டே இருந்தா குதிரைதான் பாவம்.

கெலமங்கலம்77:
ஐயா, அவர் குதிரை இருமுதுன்னு எழுதியிருக்கார். மழைக்காலத்துல போர் போட்ட தாள்ல பூஞ்சை இல்லாம இருக்காது. உதறும்போது பறக்கற வித்துதான் மூச்சுக்குழாயைக் கெடுக்குது. பழக்கம் நூறு வருஷப் பழசுங்கறதால பூஞ்சை இல்லாமப் போயிடாதே. அட்டையில தூசியும் வித்தும் ரொம்பக் கம்மி. இருமுற குதிரைக்கு அதைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லைங்க, போட்ட விதத்துலதான் ஏதோ இருக்கு.

பேரிகை_சவாரி:
10க்கு 12 லாயம். கீழ சிமெண்ட், மேல ரப்பர் பாய். மூணு சாக்கு போட்டோம், ஒவ்வொண்ணும் 15 கிலோ இருக்கும். ரோஜா ஏத்துமதிப் பெட்டி, தெரிஞ்ச குடோன்ல சும்மா குடுத்தாங்க. தட்டு வெட்டற மிஷின்ல விட்டு நறுக்கினோம்.

குளம்பு_லாடம்:
இதுலயே பாதி விஷயம் வந்துடுச்சுங்க.

முதல்ல அட்டை. ரோஜாப் பெட்டி குளிர்பதனத்துல ஈரத்துக்கு ஊறக்கூடாதுன்னு சிலதுல மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசியிருப்பாங்க. பூச்சு இருக்கிற பக்கம் மூத்திரத்தைக் குடிக்காது. வழிய விட்டுடும், பூச்சில்லாத பக்கம் மட்டும் ஊறிக் கூழாகும். ஒரு துண்டு எடுத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உருண்டு நின்னா தூக்கிப் போடுங்க, கரும்பழுப்பாப் பரவினா படுக்கைக்கு ஆகும். பழுப்பு கிராஃப்ட் பெட்டி, 3 பிளையோ 5 பிளையோ (அடுக்கு), அதுதான் வேணும். டேப், பின், ஒட்டுத்தாள் மூணையும் பிரிச்சுட்டுத்தான் மிஷின்ல விடணும். ஒரு பின் குளம்புக்குள்ள ஏறினா மாசக்கணக்குல நிக்க வேண்டியதுதான். பூச்சிமருந்து, கெமிக்கல் வந்த பெட்டியைக் கையாலயும் தொடாதீங்க.

அடுத்தது அளவு. 120 சதுர அடிக்கு 6 அங்குலம்னா 60 கன அடி. துண்டு அளவைப் பொறுத்து 100 கிலோவுக்கு மேல போகும். நீங்க போட்டது 45. அது ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு குதிரை நாளைக்கு 7, 8 லிட்டர் மூத்திரம் போகும், கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் போகும். அந்த ரெண்டு அங்குலம் முதல் ராத்திரியே நிறைஞ்சிடுது. அப்புறம் குதிரை மிதிச்சு மாவாட்டற மாதிரி ஆட்டிடுது.

பாகலூர்_பண்ணை:
ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்க. இணைப்பு வழியா மூத்திரம் கீழ இறங்கி, தேங்கி, அங்கயே அழுகும். மேல எதைப் போட்டாலும் நெடி கீழ இருந்துதான் வரும். வாரம் ஒருதரம் பாயை எடுத்து, தரையைக் கழுவி, ரெண்டும் நல்லாக் காஞ்சப்புறம் விரிக்கணும். தரைச் சாய்வு எந்தப் பக்கம்? 12 அடி நீளத்துக்கு 2 அங்குலம் இறக்கம் இருந்தாப் போதும், சாக்கடை பக்கம் இருக்கணும். ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாருங்க, தேங்கற இடம் தெரிஞ்சிடும்.

கோழி_ஆழ்கூளம்:
தினமும் அள்ளறதுதான் தப்புன்னு தோணுது. கோழிப்பண்ணை ஆழ்கூளம் மாதிரி விட்டுடுங்க. லத்தியை மட்டும் எடுத்து, மேல மேல காஞ்ச அட்டை போட்டுட்டே வாங்க. அடியில சூடு பிடிச்சு மக்கும், மேல காஞ்சே இருக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் மொத்தமா அள்ளினாப் போதும். ஆள்கூலி மிச்சம்.

பழைய_லாயம்:
கோழியும் குதிரையும் ஒண்ணா? கோழி மூத்திரம்னு தனியாப் போகாது, எச்சமும் கொட்டகை முழுக்கப் பரவலா விழும். கோழியே சீச்சிச் சீச்சி கூளத்தைக் கிளறிக் காயவெக்கும். குதிரை ஒரே இடத்துல கொட்டி, அரை டன் எடையில மிதிச்சு இறுக்கும். காத்துப் போகாம இறுகின ஈரத்துல வர்றது மக்கல் இல்ல, அழுகல்.

கோழி_ஆழ்கூளம்:
கோழிக்கூளமும் கிளறாம விட்டாக் கட்டி தட்டத்தான் செய்யும், அதனாலதான் ஆள் வெச்சுக் கிளறறோம். அடிப்படை ஒண்ணுதானே? வாரம் ரெண்டு தரம் முள்ளால புரட்டினா என்ன?

குளம்பு_லாடம்:
அட்டையில புரட்டினா அடி ஈரம் மேல வந்துடுங்க. வைக்கோல்ல ஈரம் கீழ வடியும், அட்டை தான் இருக்கற இடத்துலயே பிடிச்சு வெச்சுக்கும். அதுதான் அதோட பலம், புரட்டினா அதுவே பலவீனம். ஆழ்கூளம் அட்டையில நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல. நல்ல வடிகால், நல்ல காத்தோட்டம், பகல் முழுக்க வெளிய இருக்கற குதிரைன்னா மேல்பரப்பு காஞ்சு நிக்கும். இருமுற குதிரைக்கு மட்டும் வேண்டாம். ஈரத்துல நின்னா குளம்பு நடு மெத்தையில அழுகலும் வரும். பள்ளத்துல கறுப்பாக் கசிவு, கெட்ட நாத்தம் வந்தா அதுதான்.

பேரிகைக்காரர் செய்ய வேண்டியது இது. குதிரையை வெளிய கட்டுங்க. லத்தியை முதல்ல பொறுக்குங்க. ஈரக்குழியைக் கிளறாம, ஓரத்துல இருந்து வட்டமா வெட்டி, மொத்தமா ஒரு அள்ளா எடுங்க. அந்த இடத்தை ஒரு மணி நேரம் திறந்து காயவிடுங்க. சுவரோரம் காஞ்ச அட்டையாலயே ஒரு அடி உயரத்துக்கு அணை கட்டியிருக்கணும், அந்தக் காஞ்ச அட்டையைக் குழிக்கு இழுத்துட்டு, புதுசை அணைக்குப் போடுங்க. புது அட்டை நேரா நடுவுல விழக்கூடாது. அணை இருந்தாக் குதிரை உருளும்போது சுவரோரம் கால் மாட்டிக்காது. இது காலையில. சாயங்காலம் லத்தி மட்டும் போதும்.

துண்டு அரை அங்குலத்துல இருந்து ஒரு அங்குலத்துக்குள்ள இருக்கட்டும். நீளப் பட்டையா வந்தா ஃபோர்க்குல சுத்திக்கும், லத்தி எடுக்கும்போது பாதிப் படுக்கையும் கூடவே வந்துடும். தூளாயிட்டாச் சீக்கிரம் கூழ். மிஷின் கத்தி மழுங்கினா அட்டை வெட்டுப்படாது, கிழிஞ்சு பஞ்சாத் தொங்கும், அதையும் பாருங்க.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
அட்டைப் பசையில விஷம் இருக்காதா? குதிரை தின்னா?

பாகலூர்_பண்ணை:
நெளி அட்டை ஒட்டறது பெரும்பாலும் சோள மாவுப் பசைங்க. பயம் பசையில இல்ல, தின்னற அளவுல. நிறையத் தின்னா குடல்ல அடைச்சு வயித்துவலி வரும். லத்தி குறைஞ்சு சின்னதா, காஞ்சு விழுந்தாலோ, குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பாத்தாலோ, காத்திருக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. பசியில நிக்கற குதிரைதான் படுக்கையைக் கடிக்கும். உலர்தீவனம் ஒரு நாளைக்கு நூறு கிலோ உடல் எடைக்கு ஒன்றரையில இருந்து ரெண்டு கிலோ, அதுல பெரும்பகுதி ராத்திரிக்கு இருக்கட்டும். மாவு வாசனைக்குக் கரையானும் எலியும் வரும், அதனால அட்டையைத் தரையில அடுக்காதீங்க, பலகை மேல வையுங்க. மழைச்சாரல் பட்ட அட்டை பாதி ஊறினதுக்குச் சமம்.

கெலமங்கலம்77:
எல்லாரும் இருமலை விட்டுட்டோம். தீவனம் என்ன குடுக்கறீங்க, தரையிலயா வலையிலயா? காஞ்ச சோளத்தட்டோ ராகித்தாளோ அப்படியே உதறிப் போட்டீங்கன்னா படுக்கையைத் தங்கமா மாத்தினாலும் இருமல் போகாது. அரை மணி தண்ணில முக்கி, வடியவிட்டுப் போடுங்க. ஊறின தண்ணி மாட்டுக்கும் வேண்டாம், கொட்டிடுங்க. பக்கத்து லாயத்துல வைக்கோல் படுக்கை இருந்தா அந்தத் தூசியும் இங்கதான் வரும். நெடியை நின்னு மோந்து பாக்காதீங்க, குதிரை படுக்கற உயரத்துக்குக் குந்தி உக்காந்து பாருங்க. சும்மா நிக்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 8ல இருந்து 16 இருக்கணும். 20க்கு மேல போய், வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, படுக்கைப் பேச்சை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க.

தக்காளி_ராயக்கோட்டை:
இழைக்கு நடுவுல ஒரு கேள்வி. அள்ளின அட்டையும் லத்தியும் தோட்டத்துக்குக் கேட்டு வாங்கலாமா? நேரா வரப்புல கொட்டலாம்னு.

கோழி_ஆழ்கூளம்:
நேராக் கொட்டாதீங்க. அட்டையில கார்பன் அதிகம், தழைச்சத்து கிட்டத்தட்ட இல்ல. மக்கும்போது மண்ணுல இருக்கற தழைச்சத்தை அதுவே இழுத்துக்கும், தக்காளி இலை மஞ்சளடிக்கும். மூணு அடிக்குக் குறையாம குவியல் போட்டு, அட்டை ஒரு அடுக்கு, லத்தியோ சாணியோ ஒரு அடுக்கு, கொஞ்சம் பச்சைத் தழை. பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற ஈரம். நடுவுல 55 டிகிரிக்கு மேல ஏறினாத்தான் புழு முட்டை சாகும். ஆறினதும் புரட்டுங்க. இங்க புரட்டல் சரிதானே, பழைய லாயம் ஐயா?

பழைய_லாயம்:
குவியலுக்குச் சரி. லாயத்துக்கு நான் சொன்னதுதான்.

(நாலு நாளைக்கு அப்புறம்)

பேரிகை_சவாரி:
எல்லாருக்கும் நன்றி. பெட்டியில சொட்டு விட்டுப் பாத்தோம், உருண்டுதான் நின்னுது. பாய்க்கு அடியிலயும் தேங்கியிருந்துச்சு. மாத்திட்டோம், நெடி இல்ல. இருமல் ராத்திரி மட்டும் இருக்கு.

கெலமங்கலம்77:
ராத்திரி மட்டும்னா தீவனம் வைக்கற நேரத்துலயா? ஊறவெச்சுத்தான் குடுக்கறீங்களா? புது அட்டை எத்தனை கிலோ போட்டீங்க?

கெலமங்கலம்77:
பேரிகை, இருக்கீங்களா?